அயோவாவுக்குப் புதிதாக வருகிறவர்கள் செனட்டர் கிராஸ்லியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவை

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டி மொயினுக்கோ சீடர் ராப்பிட்ஸுக்கோ வேலைக்கு வருகிறவர்களுக்கு வீடு, கார், பனிக்காலக் கோட்டு பற்றியெல்லாம் சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள். உங்கள் விசாவைத் தீர்மானிக்கும் சட்டங்களில் இந்த மாநிலத்து செனட்டருக்கு எவ்வளவு செல்வாக்கு இருக்கிறது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

அவர் பெயர் சக் கிராஸ்லி. 1933-இல் பிறந்தவர், விவசாயி, குடியரசுக் கட்சியின் பழமைவாதி. 1981-இலிருந்து அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் இருக்கிறார். 2025 ஜனவரியில் மறுபடியும் செனட் நீதித்துறைக் குழுவின் தலைவரானார். குடியேற்றம் தொடர்பான மசோதாக்கள் வழக்கமாக அந்தக் குழுவுக்குத்தான் போகும். அதனால் அவர் என்ன நினைக்கிறார் என்பது அயோவாவில் இருப்பவர்களுக்கு மட்டுமல்ல, நியூ ஜெர்சியிலும் டெக்சஸிலும் இருக்கிற நம்மவர்களுக்கும் முக்கியம்.

"அவர் நமக்கு எதிரி" என்று வாட்ஸப்பில் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். விஷயம் அவ்வளவு எளிதல்ல.

2007-இல் ஜனநாயகக் கட்சியின் டிக் டர்பினோடு சேர்ந்து, வெளிநாட்டு ஊழியர்களை வேலைக்குக் கொண்டுவரும் ஹெச்-1பி, எல்-1 விசாக்களைச் சீர்திருத்த ஒரு மசோதா கொண்டுவந்தார். நிறுவனத்தில் 50 பேருக்கு மேல் இருந்து, அவர்களில் பாதிக்கு மேல் ஹெச்-1பி விசாக்காரர்களாக இருந்தால், மேற்கொண்டு ஹெச்-1பி ஆள் எடுக்க முடியாது. "ஹெச்-1பி மட்டும்" என்று விளம்பரம் போடக் கூடாது. நிறுவனங்களைத் தணிக்கை செய்யத் தொழிலாளர் துறைக்குக் கூடுதல் அதிகாரம் வேண்டும். இவைதான் அதன் சாரம். பெரிய ஐ.டி. சேவை நிறுவனங்களுக்கு இது கசப்பு. ஆனால் குறைந்த சம்பளத்துக்கு ஆள் கொண்டுவந்து, கிளையன்ட் கிடைக்கும்வரை சும்மா உட்காரவைக்கும் கன்சல்டன்சிகளிடம் மாட்டிக்கொண்டவர்களுக்கு அந்தத் தணிக்கை பாதுகாப்புதான்.

இன்னொன்றை என்னால் அப்படி ஏற்க முடியவில்லை. ஒரு நாட்டுக்கு 7 விழுக்காடு என்ற கிரீன் கார்டு (நிரந்தரக் குடியிருப்பு அனுமதி) உச்சவரம்பை வேலைவழி விண்ணப்பங்களுக்கு நீக்கும் மசோதா, 2011 நவம்பரில் கீழவையில் 389-15 என்று பெரும் ஆதரவோடு நிறைவேறியது. செனட்டில் கிராஸ்லி அதை நிறுத்திவைத்தார். ஹெச்-1பி கண்காணிப்பைக் கடுமையாக்க ஒப்புக்கொண்ட பிறகு, 2012 ஜூலையில்தான் வழிவிட்டார். அதற்குள் காலம் கடந்தது, மசோதா சட்டமாகவில்லை. இந்தியாவில் பிறந்தவர்களின் கிரீன் கார்டு வரிசை இன்றும் நகராமல் நிற்பதைப் பார்க்கும்போது அந்த மாதங்கள் வலிக்கின்றன.

இங்கே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். மசோதா வேறு, சட்டம் வேறு. 2007-இல் வந்த அந்த ஹெச்-1பி மசோதாவைப் பலமுறை மறுபடி தாக்கல் செய்தார்கள், 2025-இலும் செய்தார்கள். சட்டமாகவில்லை. குழு, செனட், கீழவை, அதிபர் கையெழுத்து என்று எல்லாப் படியையும் தாண்டினால்தான் அது உங்களைத் தொடும். "மசோதா தாக்கல்" என்று ஒரு ஃபார்வர்டு வந்ததற்காக வீடு வாங்குவதையோ ஊருக்குப் போவதையோ தள்ளிப்போடாதீர்கள்.

உண்மையில் கவனிக்க வேண்டியது அரசுத் துறைகள் போடும் விதிகளை. ஹெச்-4 விசாவில் இருக்கும், ஹெச்-1பி ஊழியர்களின் துணைவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை அனுமதி கிடைத்தது 2015-இல் வந்த ஒரு விதியால்தான், காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், போட்ட சட்டத்தால் அல்ல. இப்படிப்பட்ட விதிகளின் வரைவை வழக்கமாக அரசிதழான ஃபெடரல் ரெஜிஸ்டரில் வெளியிட்டு, 30 அல்லது 60 நாள் கருத்துக் கேட்பார்கள். குடியுரிமை இல்லாதவர்களும் எழுதலாம். எழுதுங்கள். உங்கள் சொந்த நிலைமையைச் சொல்லி எழுதுவது நகலெடுத்து ஒட்டுவதைவிட மேல்.

அரசுத் துறைகளைக் கேள்வி கேட்பதுதான் கிராஸ்லியின் வாழ்நாள் வேலை. யார் ஆட்சியில் இருந்தாலும் கடிதம் போய்க்கொண்டே இருக்கும். அரசுப் பணத்தை ஏமாற்றுபவர்களைக் காட்டிக்கொடுப்பவருக்கு, மீட்ட தொகையில் 15 முதல் 30 விழுக்காடு வரை கிடைக்க வழிசெய்த 1986-ஆம் ஆண்டுத் திருத்தம் அவர் முன்னின்று கொண்டுவந்தது. இது நமக்கும் நெருக்கமானதே. 2011-இல் ஓர் ஊழியர் இன்ஃபோசிஸ் நிறுவனம் பி-1 என்ற குறுகிய கால வணிகப் பயண விசாவைத் தவறாகப் பயன்படுத்துவதாக வழக்குப் போட்டபோது, கிராஸ்லி வெளியுறவுத் துறைக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கும் எழுதி விளக்கம் கேட்டார். அமெரிக்க அரசின் விசாரணை 2013-இல் 3.4 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. குற்றச்சாட்டை நிறுவனம் மறுத்தது.

உங்களுக்கே சிக்கல் வந்தால்? கிளையன்ட் இல்லை என்று உங்களை பெஞ்சில் வைத்தாலும் ஹெச்-1பி சம்பளம் கொடுத்தாக வேண்டும். ஹெச்-1பி மனு போடும் செலவு முதலாளியுடையது, அதை உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. உங்களுக்காக முதலாளி தொழிலாளர் துறையில் தாக்கல் செய்த எல்.சி.ஏ. விண்ணப்பத்தின் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள், அதில் உங்களுக்குத் தர வேண்டிய சம்பளம் எழுதியிருக்கும். மீறினால் 12 மாதத்துக்குள் தொழிலாளர் துறையின் ஊதியப் பிரிவில் டபிள்யூ.ஹெச்-4 படிவத்தில் புகார் கொடுக்கலாம். புகார் கொடுத்ததற்காக உங்களைப் பழிவாங்குவது சட்டவிரோதம். பே ஸ்லிப், ஆஃபர் லெட்டர், மின்னஞ்சல் எல்லாவற்றையும் சொந்தக் கணக்கில் சேமியுங்கள்.

குடியேற்ற விண்ணப்பங்களைப் பார்க்கும் யு.எஸ்.சி.ஐ.எஸ். துறையில் விண்ணப்பம் வழக்கமான காலத்தையும் தாண்டி அசையாமல் கிடந்தால், செனட்டரின் அலுவலகத்தை அணுகுங்கள். டி மொயின், சீடர் ராப்பிட்ஸ், டேவன்போர்ட் போன்ற ஊர்களில் அவருக்கு அலுவலகம் உண்டு. உங்கள் விவரத்தைத் துறையிடம் கேட்க அனுமதி தரும் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். அவர்கள் முடிவை மாற்ற முடியாது, என்ன நடக்கிறது என்று கேட்டுச் சொல்ல முடியும். ஓட்டு இல்லாதவர் என்பதற்காகத் தயங்காதீர்கள். அப்புறம், கிராஸ்லி ஆண்டுதோறும் மாநிலத்தின் 99 கவுண்டிக்கும் (மாவட்டத்துக்கும்) போய் மக்களின் கேள்விக்குப் பதில் சொல்கிறவர். உங்கள் கவுண்டிக்கு வரும்போது போய் உட்காருங்கள். கிரீன் கார்டு வரிசையைப் பற்றி மரியாதையாக, ஒரே கேள்வியாகக் கேளுங்கள்.

டிரைவிங் லைசென்ஸ் எடுக்கும் இடத்தில் வாக்காளராகப் பதிவுசெய்ய விருப்பமா என்று கேட்டால், நீங்கள் குடிமகனாகாதவரை "வேண்டாம்" என்பதே உங்கள் பதில். குடிமகன் என்று தவறுதலாக டிக் செய்துவிட்டால்கூட கிரீன் கார்டு வரை சிக்கலாகும். அந்தத் தாளில் கையெழுத்திடும் முன் ஒவ்வொரு கட்டத்தையும் படித்துப் பாருங்கள்.