குன்னூர்ப் பக்கம் வளர்ப்பு நாய்க்கு உரிமம் எடுப்பது எப்படி?

எங்கள் கருப்பிக்கு உரிமம் வாங்கியாயிற்று. அடுத்து இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்காக வழியை எழுதி வைக்கிறேன். 2023ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, வளர்ப்பு நாய்க்குத் தடுப்பூசி போடுவது வளர்ப்பவரின் பொறுப்பு.

படி 1: வீடு யார் எல்லையில்?
கேட்டால் எல்லோரும் குன்னூர் என்றுதான் சொல்வோம். ஆனால் ராணுவக் குடியிருப்புப் பகுதியைக் கவனிக்கும் வெலிங்டன் கன்டோன்மென்ட் போர்டு தனி நிர்வாகம். ஜெகதளா, கேத்தி, உலிக்கல் எல்லாம் தனித்தனிப் பேரூராட்சிகள். சொத்து வரி ரசீதின் தலைப்பில் எந்தப் பெயர் இருக்கிறதோ, அந்த அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும்.

படி 2: வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்று
வேலை நின்றுபோவது இங்கேதான். கருப்பியின் தடுப்பூசிப் புத்தகத்தில் தேதி இருந்தது, ஊசி மருந்தின் ஸ்டிக்கரும் இருந்தது. மருத்துவரின் முத்திரையும் பதிவு எண்ணும் இல்லை. விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. அதனால் கிளினிக்கை விட்டுக் கிளம்பும் முன்பே இவற்றைப் பாருங்கள்: மருந்தின் பெயர், பேட்ச் எண், காலாவதி தேதி, போட்ட தேதி, அடுத்த தவணை, கையெழுத்து, முத்திரை, பதிவு எண். நாயின் நிறமும் அடையாளமும் அதே பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

குட்டிக்கு மூன்று மாதம் நிறைந்ததும் முதல் ஊசி. அப்புறம் மருத்துவர் சொல்லும் தவணைப்படி, பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறை. எஸ்டேட் பக்கம் சிலர் கடையில் மருந்து வாங்கி, தெரிந்தவரைக் கொண்டு போட்டுக்கொள்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். 2 முதல் 8 டிகிரி குளிரிலேயே இருந்த மருந்துதான் வேலை செய்யும். கையில் சான்றும் கிடைக்காது. வெறிநோய் முற்றினால் மனிதருக்கும் பிழைப்பு அரிது. வெறிநாய்க்கடிச் சிகிச்சைக்காக 1907இல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம் இருக்கிற ஊர் நம்முடையது. இங்கே ஒரு நாய்கூட ஊசி போடாமல் இருக்கக் கூடாது என்பது என் ஆசை.

படி 3: விண்ணப்பம்
சுகாதாரப் பிரிவில் படிவம் கேளுங்கள். ஆதார், வரி ரசீது, ஊசிச் சான்று எல்லாவற்றிலும் இரண்டு நகல், நாயின் முழு உருவமும் தெரியும் வண்ணப் படம். போனில் காட்டுவதைவிட அச்சுப் பிரதிதான் எனக்குப் பிடிக்கும். மழை நாளில் பிளாஸ்டிக் ஃபைலில் போட்டு எடுத்துப் போங்கள். கட்டணத்துக்கு ரசீது வாங்காமல் வராதீர்கள்.

படி 4: கழுத்துப்பட்டை
தோல் பட்டை நம் ஊர் மூடுபனிக்கு ஒத்துவராது. ஈரம் காயாமல் பூசணம் பிடிக்கும், கழுத்தில் புண் வரும். நைலான் பட்டையே என் தேர்வு. உரிம எண்ணையும் உங்கள் போன் எண்ணையும் பொறித்த உலோகத் தகடு ஒன்றை அதில் மாட்டிவிடுங்கள். பட்டை இருக்கிறதே என்று இரவில் வெளியே விட்டுவிடாதீர்கள். சிறுத்தை தேயிலைத் தோட்டம் வழியாக வாசல்வரை வருகிறது.

பின்சேர்க்கை: வாடகை வீட்டில் இருப்பவர்கள் நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். வரி ரசீது வீட்டுக்காரர் பெயரில் இருந்தால், வாடகை ஒப்பந்த நகலையும் நாய் வளர்க்கச் சம்மதம் என்று அவர் எழுதிய கடிதத்தையும் சேர்த்துக் கொண்டு போங்கள். தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் நாய்க்கு இனம் என்ற இடத்தில் ‘நாட்டு நாய்’ என்று எழுதினால் போதும். உரிமம் முடியும் தேதியையும் அடுத்த ஊசித் தேதியையும் ஒரே காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். உரிமத்தைப் புதுப்பிக்கப் போகும் முன் ஊசியைப் போட்டுவிட வேண்டும்.