சிலிண்டர் ஆடிய ரிவால்வர்: என் அனுபவம்

டெக்சாஸில் வாங்கிய என் ஐந்து தோட்டா பாயின்ட் 38 ஸ்பெஷல் ரிவால்வருக்கு அலுமினிய உடல். சட்டைப்பையில் போட்டால் இருப்பதே தெரியாது; சுட்டால்தான் உள்ளங்கைக்குத் தெரியும். வாரம் ஐம்பது தோட்டா, அதில் பாதி ப்ளஸ் பி, அதாவது அழுத்தம் கூடிய ரகம். இரண்டு வருடத்தில் சிலிண்டர், அதாவது தோட்டாக்கள் இருக்கும் சுழலும் உருளை, முன்னும் பின்னும் 'டிக் டிக்' என்று ஆட ஆரம்பித்தது.

தோட்டாக்களை எடுத்து, காலியா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, பேரலுக்கும் சிலிண்டருக்கும் நடுவே இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை விட்டேன். சிலிண்டரை முன்னால் தள்ளினால் 0.005 அங்குலம், பின்னால் தள்ளினால் 0.010. ஆக, ஆட்டம் 0.005. முன்பக்கத் திருகைக் கழற்றி, சிலிண்டரைத் தாங்கும் குழாயை உருவி, அதன் நுனி சிலிண்டருக்குள் முட்டும் இடத்தில் 0.002 அங்குலத் தடிமனில் ஷிம் என்ற மெல்லிய வளையம் இரண்டு வைத்தேன். தலைமுடியை விட மெல்லியது. ஒன்று தரையில் விழுந்து, அரை மணி நேரம் டார்ச் அடித்துத் தேடினேன்! மறுபடி அளந்தால் முன்னால் 0.009, பின்னால் அதே 0.010. சிலிண்டரும் உரசாமல் சுற்றியது.

பக்கத் தகட்டுத் திருகு ஒன்றும் அதிர்வில் தளர்ந்திருந்தது. நீல நிறத் திருகுப் பசை ஒரு சொட்டு, சரியாகிவிட்டது. அப்புறம், பயிற்சிக்கு இப்போது சாதாரணத் தோட்டாதான்.