பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள்

கொழும்பு பஞ்சிகாவத்தைப் பக்கம் கராஜ் வேலை செய்பவர்களுக்கு ஒரு விஷயம். பிரேக் ட்ரம்மைக் கழற்றியதும் கம்ப்ரசரால் ஊதுகிறீர்களா? வேண்டாம். அந்தக் கறுப்புத் தூசியில் இரும்பு, செம்பு, ஆன்டிமனி எல்லாம் இருக்கலாம். பழைய பிரேக் ஷூ என்றால் அஸ்பெஸ்டோஸும் இருக்கலாம். அதன் நார் நுரையீரலில் தங்கி, 20, 30 வருடம் கழித்துக்கூடப் புற்றுநோயாக வரலாம். புதுப் பெட்டியில் ‘அஸ்பெஸ்டோஸ் இல்லை’ என்று போட்டிருக்கும், சரி. ஆனால் கழற்றுவது பழையதை அல்லவா!

சவர்க்காரத் தண்ணீரை மெதுவாகத் தெளித்து, ஊறியதும் ஈரத் துணியால் துடையுங்கள். துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். உலர்ந்த பிரஷ், பெற்றோல் இரண்டும் கூடாது. துணி மாஸ்க் இதற்கு உதவாது. மிக நுண்ணிய தூசியையும் தடுக்கும் பி100 (P100) வடிகட்டி உள்ள மாஸ்க்தான் சரி. பிளேன்டி குடிக்கமுன் கை கழுவுங்கள். அப்புறம், வேலை உடுப்போடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்காதீர்கள்.