மூன்று கடை, மூன்று மானிட்டர்: ரிமோட் விண்டோக்களுக்கு நிரந்தர இடம் ஒதுக்குவது எப்படி?

மதுரையில் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்ப்பவர்களுக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட வேண்டிய மாதம் 20ஆம் தேதி நெருங்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ரிமோட் டெஸ்க்டாப் வழியாக, அதாவது ஆபீஸில் இருந்தபடியே கடைகளின் கம்ப்யூட்டர்களைத் திரையில் திறந்து வேலை பார்ப்போம்: கீழமாசி வீதி மளிகை மொத்தக்கடையின் டேலி (கணக்கு எழுதும் சாஃப்ட்வேர்) ஒரு விண்டோவில், விளக்குத்தூண் ஜவுளிக்கடை இன்னொன்றில், கப்பலூர் கம்பெனி மூன்றாவதில். மூன்றும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும். மளிகைக் கடையின் பில்லை ஜவுளிக்கடைக் கணக்கில் ஏற்றிவிட்டுத் தேடுவதெல்லாம் இதனால் வருவதுதான். ஒவ்வொரு கடைக்கும் ஒரு ஃபைல், அந்த ஃபைலைத் திறந்தால் எப்போதும் ஒரே இடம் என்று ஒருமுறை அமைத்துவிட்டால் போதும். தனியாக எந்த சாஃப்ட்வேரும் வேண்டாம், விண்டோஸில் இருப்பதே போதும்.

உதாரணத்துக்கு நடுவில் லேப்டாப், இடப்பக்கம் ஒரு மானிட்டர், வலப்பக்கம் ஒரு மானிட்டர் என்று வைத்துக்கொள்வோம். மூன்றும் 1920க்கு 1080.

ஆரம்பிக்கும் முன் ஒரு எச்சரிக்கை. சாதாரண விண்டோஸ் ப்ரோ போட்ட கம்ப்யூட்டரில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் வேலை செய்ய முடியும். கவுன்டரில் பில் போட்டுக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டருக்குள் நீங்கள் நுழைந்தால் அங்கே திரை பூட்டிக்கொள்ளும், அடுத்த நிமிடம் அண்ணாச்சியிடமிருந்து போன் வரும். கடையில் சர்வரோ தனி கம்ப்யூட்டரோ இருந்தால் அதற்குள் போங்கள். அப்புறம், ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டை ரவுட்டரில் வெளியுலகத்துக்குத் திறந்து வைக்காதீர்கள். விபிஎன் எனும் பாதுகாப்பான தனி இணைப்பு வழியாகவே போங்கள்.

முதல் படி: மானிட்டர்களை வரிசைப்படுத்துவது

செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் டிஸ்ப்ளே. மூன்று பெட்டிகள் தெரியும். மேசையில் மானிட்டர்கள் எப்படி இருக்கின்றனவோ அப்படியே பெட்டிகளை இழுத்து வையுங்கள், மேல் விளிம்புகள் ஒரே கோட்டில் இருக்கட்டும். லேப்டாப் திரையை மெயின் டிஸ்ப்ளே ஆக்குங்கள். பின்னால் போடப்போகும் எண்களுக்கு இதுதான் அடிப்படை.

இரண்டாம் படி: கடைக்கு ஒரு ஃபைல்

ஸ்டார்ட் மெனுவில் ரிமோட் டெஸ்க்டாப் கனெக்ஷனைத் திறந்து, கீழே ஷோ ஆப்ஷன்ஸை அழுத்துங்கள். கம்ப்யூட்டர் முகவரி, யூசர் பெயர் கொடுத்துவிட்டு சேவ் ஆஸ். ஃபைலுக்குக் கடையின் பெயரையே வையுங்கள், ஏனென்றால் விண்டோவின் தலைப்பில் அந்தப் பெயர்தான் வரும். மூன்று கடைக்கும் இப்படியே செய்து, மூன்று ஃபைலையும் ஒரே ஃபோல்டரில் போட்டுவிடுங்கள்.

டிஸ்ப்ளே டேபில் எல்லா மானிட்டர்களையும் பயன்படுத்து என்று ஒரு டிக் இருக்கும். புதிதாக வருபவர்கள் முதலில் கை வைப்பது அதில்தான். அதைப் போட்டால் ஒரே கடை மூன்று திரையையும் பிடித்துக்கொள்ளும், மற்ற இரண்டு கடைக்கு இடமிருக்காது. நமக்கு வேண்டியது அதுவல்ல.

மூன்றாம் படி: இடத்தைக் குறிப்பது

நேரம் எடுக்கும் வேலை இதுதான். மளிகைக்கடை, ஜவுளிக்கடை இரண்டையும் இடப்பக்க மானிட்டரில் பாதிப் பாதியாக வைப்போம். ஃபைலை நோட்பேடில் திறங்கள். வின்போஸ் என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள், அதன் கடைசியில் ஆறு எண்கள் இருக்கும். முதல் இரண்டு 0,1 என்று இருக்கட்டும். அடுத்த நான்கும் முறையே இடது, மேல், வலது, கீழ் விளிம்புகள்.

மெயின் திரையின் மேல் இடது மூலைதான் 0,0. அதற்கு இடப்பக்கம் இருக்கும் மானிட்டரில் எண்கள் மைனஸில் போகும். ஆகவே மளிகைக்கடைக்கு 0,1,-1920,0,-960,1030 என்றும், ஜவுளிக்கடைக்கு 0,1,-960,0,0,1030 என்றும் போடுங்கள். உயரத்தை 1080 வரை விடாததற்குக் காரணம் கீழே இருக்கும் டாஸ்க்பார்.

அதே ஃபைலில் ஸ்க்ரீன் மோட் என்ற வரியின் கடைசி எண்ணை 1 ஆக்குங்கள், முழுத்திரை ஆகாமல் விண்டோவாகத் திறக்கும். டெஸ்க்டாப் அகலத்துக்கு 940, உயரத்துக்கு 990 கொடுங்கள். இல்லாவிட்டால் ஸ்க்ரோல் பார் வந்து உயிரை வாங்கும். விளிம்பில் கொஞ்சம் இடித்தால் பத்து, இருபது கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். இன்னும் பெரிய திரையைச் சின்ன விண்டோவில் அடக்க வேண்டுமென்றால், விண்டோவின் இடது மேல் மூலை ஐகானைக் கிளிக் செய்தால் ஸ்மார்ட் சைஸிங் இருக்கிறது. ஆனால் எழுத்து பொடியாகிவிடும். நாள் முழுக்க டேலி பார்க்கிறவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

கப்பலூர் கம்பெனிக்கு வலப்பக்க மானிட்டர் முழுவதும். இதற்கு மட்டும் மேலே வேண்டாம் என்ற அந்த எல்லா மானிட்டர் டிக்கைப் போட்டு சேவ் செய்யுங்கள். பிறகு விண்டோஸ் கீயுடன் ஆர் அழுத்தி, வரும் பெட்டியில் எம்எஸ்டிஎஸ்சி, ஒரு இடைவெளி, சாய்வுக்கோடு, எல் என்று ஆங்கிலத்தில் அடித்தால் மானிட்டர்களின் எண்கள் வரும். 0இல் தொடங்கும் இந்த எண்களும் செட்டிங்ஸில் பார்த்த எண்களும் ஒன்றல்ல, குழம்பிவிடாதீர்கள். வலப்பக்க மானிட்டரின் எண் 2 என்றால், ஃபைலின் கடைசியில் புது வரி ஒன்று சேருங்கள்: செலக்டட்மானிட்டர்ஸ் என்று இடைவெளி விடாமல் ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடித்து, கோலன், எஸ், கோலன், 2. கேபிளைக் கழற்றி மாட்டினால் இந்த எண் மாறக்கூடும். கப்பலூர் திடீரென்று வேறு திரையில் திறந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

நான்காம் படி: கீபோர்டு, நிறம்

லோக்கல் ரிசோர்சஸ் டேபில் கீபோர்டு என்ற இடத்தில், விண்டோஸ் கீகள் இந்தக் கம்ப்யூட்டரிலேயே வேலை செய்யட்டும் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆல்ட் டேப் அழுத்தினால் கடை விட்டுக் கடை தாவலாம். கடைக்குள் இருக்கும் ப்ரோகிராம்களுக்கு இடையே தாவ ஆல்ட்டுடன் பேஜ் அப்.

அப்படியே ஒவ்வொரு கடையின் கம்ப்யூட்டரிலும் வால்பேப்பருக்கு ஒரே நிறமாக வைத்துவிடுங்கள்: மளிகைக்குப் பச்சை, ஜவுளிக்கு சிவப்பு, கப்பலூருக்கு நீலம். வால்பேப்பர் தெரியாமல் கறுப்பாக வந்தால் எக்ஸ்பீரியன்ஸ் டேபில் டெஸ்க்டாப் பேக்ரவுண்டை டிக் செய்ய வேண்டும்.

இனி காலையில் ஃபோல்டரைத் திறந்து, கன்ட்ரோல் ஏ, என்டர். பாஸ்வேர்டு கேட்டால் கொடுங்கள், மூன்று கடையும் தத்தம் இடத்தில் உட்காரும். கரன்ட் போய் மானிட்டர்கள் அணைந்து, எல்லா விண்டோவும் லேப்டாப்பில் வந்து குவிந்தாலும் இழுத்து இழுத்து வைக்க வேண்டாம். எக்ஸ் அழுத்தி மூன்றையும் மூடிவிட்டு, கரன்ட் வந்ததும் மறுபடி திறங்கள். எக்ஸ் அழுத்தினால் தொடர்பு மட்டும்தான் அறும், அங்கே பாதியில் நிற்கும் வவுச்சர் அப்படியே இருக்கும். சைன் அவுட்டை மட்டும் அழுத்திவிடாதீர்கள்.