'ப்ளவ்' என்றால் எல்லா இடத்திலும் 'உழு' இல்லை

வேளாண் கட்டுரைகளைத் தமிழாக்கத் தொடங்குகிறவர்கள் 'ப்ளவ்' (plough) என்ற ஆங்கில வினையைக் கண்டால் அகராதிப் பக்கமே போவதில்லை. 'உழு' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குத் தாவிவிடுகிறார்கள். பாதி இடங்களில் அது சரிதான். வம்பு மீதிப் பாதியில். எழுத்துப்பிழை, காலப்பிழை எல்லாம் மெய்ப்பு பார்க்கும்போதே சிக்கிவிடும் என்பதால் இங்கே அவை வேண்டாம்.

பின்னால் ஒட்டும் சொல்லை விழுங்குவது

இந்த ஒரு தவறுதான் எரிச்சலைக் கிளப்புவது. காசும் இதில்தான் போகும்.

நம் நாட்டுக் கலப்பை மண்ணைக் கீறிச் சால் போடும், கவிழ்க்காது. ஐரோப்பாவின் இறக்கைக் கலப்பையோ, கொழு என்னும் கூரிய இரும்பு முனை அடியில் அறுத்த மண்ணை வளைந்த இறக்கையால் புரட்டிப் போடும். மேலே இருந்த புல்லும் பயிர்த்தாளும் எருவும் அடியில் போய்விடும். 'ப்ளவ்' என்ற சொல்லுக்குள் இந்தப் புரட்டல் இருக்கிறது. 'உழு' என்பதில் அது தானாக வராது.

பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டு பற்றிய குறிப்பில் 'ப்ளவ் இன்' அல்லது 'ப்ளவ் அண்டர்' என்று வருவதை 'தக்கைப்பூண்டு வயலை உழவும்' என்று எழுதினால், செடியோடு உழுவதா, அறுத்தெடுத்துவிட்டு உழுவதா என்று படிப்பவருக்கு விளங்காது. ஏக்கருக்கு 20 கிலோ விதை போட்டு, 45 நாள் வளர்த்து, பூக்கும் தருணத்தில் செடியை அறுத்து வரப்பில் போட்டுவிட்டால் வயலுக்கு உரம் ஏது? செடியை மண்ணுக்குள் புதையும்படி உழுவதற்கு உழவர்களிடமே சொல் இருக்கிறது: மடக்கி உழுதல்.

'ப்ளவ் அப்' இன்னும் வில்லங்கம். 1933இல் அமெரிக்காவில் பருத்தி விலை அதலபாதாளத்தில் கிடந்தது. வளர்ந்து நின்ற பயிரைச் சுமார் 1 கோடி ஏக்கரில் அழிக்க அரசே விவசாயிகளுக்குப் பணம் கொடுத்தது. 1939இல் போர் மேகம் சூழ்ந்த பிரிட்டனில், உணவு உற்பத்தியைப் பெருக்க, நெடுங்காலப் புல்தரையை உழுதால் ஏக்கருக்கு 2 பவுண்டு மானியம் அறிவித்தார்கள். இரண்டுக்கும் ஆங்கிலத்தில் 'ப்ளவ் அப்' என்றே பெயர். முன்னது விளைச்சலைக் குறைக்க, பின்னது கூட்ட. இரண்டையும் 'உழவு இயக்கம்' என்று எழுதினால் அமெரிக்கக் கதை தலைகீழாகிவிடும். அங்கே 'பயிரை உழுது அழித்தல்'. பிரிட்டனில் 'புல்தரையை உடைத்து விளைநிலமாக்குதல்'.

வயலுக்கு வெளியே

லாரி கூட்டத்துக்குள் 'ப்ளவ்' செய்தால், கூட்டத்துக்குள் பாய்ந்தது என்று பொருள். குளிர்காலச் செய்தியில் சாலையை 'ப்ளவ்' செய்தார்கள் என்றால், பனியைத் தள்ளி அகற்றினார்கள். லாபத்தை 'ப்ளவ் பேக்' செய்வது தொழிலிலேயே மறுமுதலீடு செய்வது. தடித்த அறிக்கையை 'ப்ளவ் த்ரூ' செய்தவர் அதை முக்கி முனகிப் படித்து முடித்திருக்கிறார். வீண் உழைப்பைக் குறிக்கும் மணலை 'ப்ளவ்' செய்வதற்கு 'விழலுக்கு இறைத்த நீர்' என்பதே போதும். மணலையும் கலப்பையையும் தமிழுக்கு இழுத்து வர வேண்டியதில்லை.

'டில்', 'ஹாரோ', 'படில்'

'டில்' பொதுச்சொல், விதைப்புக்கு மண்ணைப் பண்படுத்தும் எல்லா வேலையும் அதில் அடங்கும். ஆகவே 'நோ டில்' என்பது கலப்பையை மட்டும் ஒதுக்குவதல்ல, உழவில்லாச் சாகுபடி. 'ஹாரோ' உழவுக்குப் பிந்தைய வேலை: கட்டி உடைத்துச் சமன் செய்வது. நெல் வயலில் 'படில்' என்றால் சேற்றுழவு. தேங்கிய நீர் என்ற இன்னொரு பொருளை எடுத்துக்கொண்டு அதைக் 'குட்டை' ஆக்கிய மொழிபெயர்ப்புகளும் உண்டு.

உச்சரிப்பு

'ப்ளோ' அல்ல. பசுவைக் குறிக்கும் 'கவ்' போல. நம் 'பிளவு' காதில் அருகே ஒலிப்பது தற்செயல். வேர்ச்சொல் ஆராய்ச்சியில் இறங்க வேண்டாம்.

பழைய ஆங்கில நாவலில் தேர்வு எழுதிய மாணவன் 'ப்ளவ்' ஆனால்

ஃபெயில்.