பழைய கேம்களின் மிடி இசை: சவுண்ட்ஃபான்ட் சரியாக ஒலிக்காவிட்டால் எங்கே பார்ப்பது

இசை சொதப்பினால் இன்னும் பெரிய சவுண்ட்ஃபான்டை (வாத்திய ஒலிகளின் தொகுப்புக் கோப்பை) தேடி இறக்குவதுதான் பலரும் முதலில் செய்வது. அதைக் கடைசிக்கு வையுங்கள். மிடி கோப்பில் ஒலியே கிடையாது. எந்த வாத்தியம், எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தம் என்ற குறிப்புகள் மட்டும்தான். அவற்றை இப்போது வாசித்துக்கொண்டிருப்பது எது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்குச் சுலபமான சோதனை இருக்கிறது. சவுண்ட்ஃபான்ட் கோப்பின் பெயரை மாற்றிவிட்டு, கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்து கேமைத் திறங்கள். இசை முன்போலவே வந்தால், அந்தக் கோப்பை எதுவும் தொடவே இல்லை என்று பொருள்.

காரணம் பெரும்பாலும் கேமின் செட்டப் நிரலிலேயே இருக்கும். இசைக்கு சவுண்ட் பிளாஸ்டர் என்ற ஒலி அட்டையைத் தேர்ந்திருந்தால், அட்டையின் சிப் தானே உருவாக்கும் எஃப்எம் ஒலிதான் வரும். எந்த சவுண்ட்ஃபான்ட் போட்டாலும் மாறாது. டூம் செட்டப்பில் மியூசிக் கார்டை ஜெனரல் மிடி என்றும் போர்ட்டை 330 என்றும் வையுங்கள். துப்பாக்கிச் சத்தம் முதலியவற்றுக்கு சவுண்ட் பிளாஸ்டரே இருக்கட்டும், இரண்டும் தனித்தனி அமைப்புகள்.

அடுத்த சந்தேகம் விண்டோஸ் மீது. அதோடு வரும் சிந்தசைசர் (மிடி குறிப்புகளை ஒலியாக்கும் நிரல்) சுமார் 3 எம்பி அளவுள்ள தன் சொந்த ஒலித்தொகுப்பைத்தான் வாசிக்கும். விண்டோஸ் 8 முதல் இயல்பு மிடி கருவியை மாற்றும் அமைப்பையும் எடுத்துவிட்டார்கள். ஆகவே சவுண்ட்ஃபான்டை வாசிக்கும் வெர்ச்சுவல்மிடிசிந்த் நிரலை நிறுவினால் மட்டும் போதாது, கேமின் இசையை அதற்குத் திருப்பியும் விட வேண்டும். பழைய டாஸ் கேம்களை இயக்கும் டாஸ்பாக்ஸில் மிக்சர் கட்டளையை லிஸ்ட்மிடி தேர்வோடு இயக்கினால் கருவிகள் எண்களோடு வரும். அந்த எண்ணைக் கட்டமைப்புக் கோப்பில் மிடிகான்ஃபிக் வரியில் எழுதுங்கள். அதன் புதிய வடிவமான டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங்கில் இந்தச் சுற்று வேண்டாம்: மிடிடிவைஸ் வரியில், உள்ளேயே இருக்கும் சிந்தசைசரான ஃபுளூயிட்சிந்த் என்று போட்டு, அதன் பகுதியில் சவுண்ட்ஃபான்ட் பெயரைக் கொடுத்தால் முடிந்தது. ஃபோல்டர் பெயரில் தமிழ் எழுத்து வேண்டாம். சில பழைய நிரல்கள் கோப்பைக் கண்டுபிடிக்காமல் மௌனமாகிவிடும்.

இசை வருகிறது, வாத்தியங்கள் மட்டும் தாறுமாறு என்றால் கேம் வெளிவந்த ஆண்டைப் பாருங்கள். எந்த எண்ணுக்கு எந்த வாத்தியம் என்று வகுத்த ஜெனரல் மிடி தரம் வந்தது 1991-இல். அதற்கு முந்தைய பல கேம்கள் 1987-இல் வந்த ரோலண்ட் எம்டி-32 என்ற ஒலிக்கருவிக்கு எழுதப்பட்டவை. அதன் வாத்திய வரிசையே வேறு. போதாததற்குத் தங்களுக்கு வேண்டிய ஒலிகளை கேம்களே அதற்குள் ஏற்றிக்கொள்ளும். இதைச் சரிசெய்ய எந்த சவுண்ட்ஃபான்டாலும் முடியாது. அந்தக் கருவியைப் போலவே இயங்கும் மன்ட் எமுலேட்டரும் எம்டி-32-இன் ரோம் கோப்புகளும் (கருவியின் உள் நினைவகப் பிரதிகளும்)தான் வழி. பழைய சாகச கேம்களை இயக்கும் ஸ்கம்விஎம்மில் அந்த எமுலேட்டர் உள்ளேயே இருக்கிறது, ரோம் கோப்புகளை மட்டும் நீங்கள் கொடுக்க வேண்டும்.

தாளவாத்தியம் மட்டும் கேட்கவில்லையா? ஜெனரல் மிடியில் அது 10-ஆம் சேனல். அந்த சேனல் தாள ஒலிகளை சவுண்ட்ஃபான்டின் 128-ஆம் பேங்கில் (ஒலிகளின் அடுக்கில்) தேடும். பியானோவுக்கென்றே செய்த சவுண்ட்ஃபான்டில் அந்த பேங்க் இருக்காது. டூம் மாதிரி கேம்களுக்கு ஜிஎஸ் வகையை (ஜெனரல் மிடியை ரோலண்ட் விரிவாக்கியது) தழுவியதை எடுங்கள். சுமார் 30 எம்பி உள்ள ஜெனரல்யூசர் ஜிஎஸ் தாராளமாகப் போதும்.

கரகரப்பில்தான் பலர் ஏமாறுகிறார்கள். உரத்த இடங்களில் மட்டும் பிசிறடித்தால் கெயினை (ஒலிப்பெருக்க அளவை) குறையுங்கள். ஃபுளூயிட்சிந்தின் இயல்பு அளவு 0.2, ஒலி போதவில்லை என்று 1-க்கு மேல் ஏற்றினால் பல சவுண்ட்ஃபான்ட்கள் பிசிறடிக்கும். விட்டுவிட்டு டக் டக் என்று வந்தால் பஃபரை (ஒலியை முன்கூட்டியே சேர்த்து வைக்கும் அளவை) 512 அல்லது 1024-க்கு உயர்த்துங்கள். நீளும் சுரங்கள் பாதியில் அறுந்தால் பாலிஃபனி (ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய சுரங்களின் எண்ணிக்கை) போதவில்லை, 256 வையுங்கள்.

ஒரு எம்பி3 பாட்டைப் போட்டாலும் அதே கரகரப்பு வந்தால் மிடியை விட்டுவிட்டு ஜாக்கைப் பாருங்கள். தேவனாம்பட்டினம், குருசுக்குப்பம் மாதிரி கடலை ஒட்டிய வீடுகளில் உப்புக் காற்று பட்டு ஸ்பீக்கர் பின்னில் பச்சை பூத்துவிடும். மின்சாரத்தை அணைத்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் பின்னைத் துடைத்து, ஈரம் காய்ந்ததும் பத்துத் தடவை செருகி எடுங்கள். அதன்பிறகும் ஒரு பக்கம் மட்டும் கேட்டால் கேபிளை மாற்றிவிடுங்கள்.