பழைய பிரெஞ்சு ஃபேஷன் படத்தைப் படிக்கிறது எப்படி

19ஆம் நூற்றாண்டு பாரிஸ் ஃபேஷன் படம், அதாவது அப்போதைய டிரெஸ் மாடலைக் காட்ட அச்சடிச்ச படம், ஒண்ணு கையில கிடைச்சா மொதல்ல முகத்தைப் பாக்காதீங்க, எல்லாம் ஒரே பொம்மை முகம்தான், டிரெஸ்ஸோட கையையும் பாவாடையையும் பாருங்க. தோள்கிட்ட கை பலூன் மாதிரி உப்பியிருந்தா 1830கள், பாவாடை மணி மாதிரி சுத்தியும் விரிஞ்சிருந்தா 1860 வாக்குல, உள்ள ஸ்டீல் கம்பிக் கூடு இருக்கும், முன்னாடி தட்டையா பின்னாடி மட்டும் தூக்கியிருந்தா 1870களுக்கு வந்துட்டீங்க.

அடுத்து ஒரு லென்ஸ் எடுத்து ஓரத்தைப் பாருங்க, கலர் கோட்டைத் தாண்டி லேசா கசிஞ்சிருக்கும். அச்சடிச்ச படத்துக்கு ஒவ்வொண்ணா கையால கலர் போட்டிருக்காங்க, அந்த வேலையைப் பெரும்பாலும் பொண்ணுங்கதான் செஞ்சாங்க, அவங்க பேரு எங்கயும் இருக்காது, எனக்கு அதுதான் மனசு கேக்கல. கீழ படம் வரைஞ்சவங்க கையெழுத்து இருந்தா விடாதீங்க, அனாயிஸ் டூடூஸ்னு இருக்கலாம், அவங்களும் அக்கா எலோயிஸ் லெலுவாரும் தங்கச்சி லோர் நோயலும் ஓவியர் அலெக்சாந்தர் கோலனோட பொண்ணுங்க, ஃபேஷன் படம் வரையுறதையே தொழிலா செஞ்சவங்க.

கடைசியா படத்துல என்ன இல்லைன்னு பாருங்க. சமையல் இல்ல, துவைக்கிறது இல்ல. காலைக்கு ஒரு டிரெஸ், விசிட் போக ஒண்ணு, நடன விருந்துக்கு ஒண்ணுன்னு மாத்தணும்னா உடுத்திவிட வீட்ல வேலைக்காரி வேணும், அந்த வசதியைத்தான் படம் காட்டுது. அடியில துணிக்கடை, தொப்பிக்கடை பேரு இருந்தா அது விளம்பரமும்தான்.